கம்பாதோஸ் பயணக் குறிப்புகள்: மே கடைசியில் அரோவ்சா கரையில்

வெள்ளி

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கலீசியா. அதன் மேற்குக் கரையில் அட்லாண்டிக் கடல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் ஏறி வந்து நீண்ட குடாக்களாக நிற்கிறது. அவற்றை ரீயா என்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய ரீயா அரோவ்சா. அதன் தென்கரையில், மட்டியையும் வெள்ளை ஒயினையும் நம்பிப் பிழைக்கும் சிற்றூர் கம்பாதோஸ்.

கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த ஊரில் தங்க வேண்டாம். ஊர் முகப்பில் இருப்பது சேறும் மணலும் கலந்த வற்றுநிலம். நல்ல கடற்கரைக்கு ஓ குரோவே பக்கம் போக வேண்டும். கடல் எப்படி ஊருக்குச் சோறு போடுகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தக் கரையில் இல்லை. மே கடைசி வாரம் அதற்கு ஏற்ற காலம். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் அல்பரிஞோ ஒயின் திருவிழா 1953 முதல் நடக்கிறது. அந்த வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. மே மாதத்தில் அறை சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு.

வந்து சேரும் வழி: மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை மூன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து விலாகர்சியா தெ அரோவ்சாவுக்கு இன்னொரு ரயில், அரை மணிக்கும் குறைவு. விலாகர்சியாவிலிருந்து கம்பாதோஸ் சுமார் 12 கி.மீ. வேலை நாள்களில் பேருந்து உண்டு. சனிக்கிழமை மதியத்துக்கு மேலும் ஞாயிறும் பேருந்துகள் மிகக் குறைவு. அதனால் வெள்ளிக்கிழமை வெளிச்சத்தோடு வந்து சேரும்படி டிக்கெட் போடுவது நல்லது. பொழுது பற்றிக் கவலையில்லை: கலீசியா போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே இருந்தாலும் கடிகாரம் மத்திய ஐரோப்பாவுடையது. மே கடைசியில் சூரியன் காலை ஏழு மணிவாக்கில் உதித்து இரவு பத்து மணிவாக்கில்தான் மறைகிறது.

சாப்பாட்டு நேரத்தை முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்குக்குள். நான்கு மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு எட்டரைக்கு முன் ஏற்ற மாட்டார்கள். ஆறு மணிக்குப் பசித்தால் பாருக்குப் போய் ஒரு துண்டு தொர்த்தீயா (உருளைக்கிழங்கு முட்டை அடை) கேட்கலாம். வேலை நாள்களின் மதியத்தில் ‘மெனு தெல் தியா’ என்று முழுச் சாப்பாடு ஒரே விலைக்குத் தருவார்கள். சனி, ஞாயிறுகளில் அது பெரும்பாலும் கிடையாது.

பெட்டியில் இருக்க வேண்டியவை: மழைச் சட்டை, மெல்லிய கம்பளி, வழுக்காத அடிப்பகுதியுள்ள செருப்போ ஷூவோ. பகலில் 20 டிகிரி, இரவில் 12 டிகிரி என்று போகும். மே மாதத்தில் மழை முழுதாக விட்டிருக்காது. குடை பயன்படாது, காற்று அதை முறித்துவிடும்.

இனி ஓத அட்டவணை. அதுதான் இந்தப் பயணத்தின் நாட்காட்டி. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அஷ்டமி ஒட்டி ஒன்றரை மீட்டருக்கும் கீழே போய்விடும். இந்தக் கரைக்கே உரிய இன்னொரு வசதி: அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஆழ்ந்த வற்றம் எப்போதும் முற்பகல் பத்து, பதினொரு மணி வாக்கில்தான் வரும். அஷ்டமி நாள்களில் அது விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் தள்ளிப்போகும். எனவே பௌர்ணமியோ அமாவாசையோ ஞாயிறு, திங்கள் பக்கம் விழும் வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டி எடுப்பதைக் காலை வெளிச்சத்தில், சாவகாசமாகப் பார்க்கலாம்.

அட்டவணை படிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்பெயின் கடற்படையின் நீர்வரைவு நிறுவனம் வெளியிடும் நேரங்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கோடையில் அதோடு இரண்டு மணி கூட்ட வேண்டும். கூட்டாமல் போனால் வற்றத்துக்கு இரண்டு மணி முன்பே கரையில் போய் நிற்பீர்கள். கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் சிறு புத்தகங்களில் சிலது கூட்டியே போட்டிருக்கும், சிலது கூட்டாமல் இருக்கும். முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளவும். அட்டவணையில் ஓதத்தின் அளவைக் காட்டும் ‘கோஎஃபிசியெந்தே’ என்ற எண் 20-லிருந்து 120 வரை போகும். 90-க்கு மேல் என்றால் கடல் நன்றாக உள்வாங்கும் நாள்.

சனி

காலை ஒன்பதரைக்குள் சந்தைக்குப் போய்விடுங்கள். மீன் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை போனால் மீன் பலகைகள் பாதி காலியாக இருக்கும்; ஞாயிறு படகுகள் கடலுக்குப் போவதில்லை. எனவே மீன் பார்க்க, வாங்க, சாப்பிட சனிக்கிழமைதான் நாள்.

சந்தையில் மீனைவிட அதன் மேல் குத்தியிருக்கும் அட்டையைப் படிப்பது பயனுள்ளது. ஐரோப்பியச் சட்டப்படி மீனின் பெயரோடு பிடித்த கடற்பகுதியும் அதில் இருக்க வேண்டும். 27 என்றால் வடகிழக்கு அட்லாண்டிக். கலீசியக் கடல் இதற்குள் வரும். 34 என்றால் மொரோக்கோ, மொரித்தானியா பக்கம். 87 என்றால் பெரு, சிலி. இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் ஏமாற வழியில்லை.

மே கடைசியில் இது ஏன் முக்கியம் என்றால், இனப்பெருக்கத் தடைக்காலங்கள் இந்தச் சமயத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. கலீசியா என்றாலே நினைவுக்கு வரும் ஆக்டோபஸுக்கு மே நடுவில் தொடங்கி ஜூலை வரை பெரும்பாலான ஆண்டுகளில் பிடிக்கத் தடை. அந்த நாள்களில் தட்டுக்கு வருவது உறைய வைத்ததாகவோ, 34-ஆம் பகுதியிலிருந்து வந்ததாகவோ இருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறைய வைப்பதால் தசைநார் தளர்ந்து சதை மெத்தென்று வேகும் என்பதால் மற்ற மாதங்களிலும் சமையற்காரர்கள் உறைய வைத்துத்தான் வேக வைக்கிறார்கள். ‘இன்று காலை பிடித்தது’ என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். நேக்கொரா என்னும் சிறு நண்டுக்கும் வசந்த காலத்தில் தடை, ஜூலையில்தான் திறப்பார்கள். மே மாதத் தட்டில் நேக்கொரா இருந்தால் அது பிரான்சிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்திருக்கும். சாளை இன்னும் மெலிந்துதான் இருக்கும். அது கொழுப்பேறி ருசிப்பது ஜூன் 23 இரவு, சான் ஷொவான் சொக்கப்பனை கொளுத்தும் நாளிலிருந்து.

சம்புரிஞா கேட்டு வேறொன்றைத் தின்றுவிட்டு வருபவர்கள் மிக அதிகம். விசிறி வடிவச் சிப்பியில் மூன்று வகை ஒரே பெயரில் விற்கிறது. ஓடு சேரும் மூட்டுப் பக்கம் இருபுறமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைக் கவனியுங்கள். ஒரு காது பெரிதாகவும் மற்றது இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குச் சிறிதாகவும் இருந்தால், ஓடு கருஞ்சிவப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால், அது உண்மையான சம்புரிஞா. இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவு, ஓடு இளஞ்சிவப்பு என்றால் வொலாந்தெய்ரா. அதுவும் இதே கடலில் கிடைப்பதுதான், நல்ல ருசி, விலை குறைய வேண்டும். சதை தடிமனாக, பளிச்சென்ற ஆரஞ்சு முட்டைப் பையோடு, தட்டில் எல்லாமே அச்சடித்த மாதிரி ஒரே அளவில் வந்தால் பெரும்பாலும் 87-ஆம் பகுதிச் சரக்கு. சமைத்த பிறகும் ஓட்டிலேயே பரிமாறுவதால் காதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

எடை போட்டு விற்கும் பண்டங்களுக்குப் பட்டியலில் விலை இருக்காது. ‘சந்தை விலைப்படி’ என்று மட்டும் போட்டிருக்கும். கிலோ என்ன விலை, தட்டில் எத்தனை கிராம் வரும் என்று இரண்டையும் கேட்ட பிறகே சொல்லுங்கள். பெர்செபெஸ் வாங்கினால் ஆளுக்கு 200 கிராம் போதும். அலை அடிக்கும் பாறையில் வளரும் இந்த உயிரி குட்டையாக, கட்டை விரல் தடிமனில் இருந்தால் சதைப்பற்று உண்டு. நீண்டு மெலிந்தது தண்ணீர். அறையில் அடுப்பு இருந்தால் சமைப்பது சுலபம்: உப்பு நீர் கொதித்ததும் போட வேண்டும், மறுபடி கொதி வந்ததும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் ரப்பர். துணியில் சுற்றிச் சூட்டோடு சாப்பிடுகிறார்கள். நகம் போன்ற நுனியைத் திருகும்போது ஆரஞ்சு நீர் பீய்ச்சும், சட்டையில் பட்டால் போகாது. நுனியைத் தட்டின் பக்கம் திருப்பிப் பிடிக்கவும்.

சைவர்களுக்கு: தொர்த்தீயா, தெத்தீயா பாலாடைக்கட்டி, பத்ரோன் மிளகாய் வறுவல், சோள ரொட்டி. பத்ரோன் மிளகாய் மே முதல் வரும். இந்தப் பருவத்தில் உறைப்பு அபூர்வம், வெயில் ஏறி ஆகஸ்ட் கடந்தால்தான் காரமானவை தட்டுப்படும். ‘கால்தோ’ என்னும் கீரை சூப் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், ஆனால் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சித் துண்டுகளை மட்டும் தவிர்ப்பவர்கள் உண்டு. ‘சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று பன்றியையும் மீனையும் தனித்தனியாகச் சொல்வது பாதுகாப்பு.

ஊரைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். இப்போதைய கம்பாதோஸ் மூன்று ஊர்கள் ஒன்றானது: பிரபுக்களின் ஃபெஃபிஞான்ஸ், நடுவே கம்பாதோஸ், தெற்கே மீனவர்களின் சாந்தோ தொமே. ஃபெஃபிஞான்ஸ் சதுக்கத்தின் இரண்டு பக்கங்களை அதே பெயருள்ள கருங்கல் மாளிகை அடைத்துக்கொண்டு நிற்கிறது; மூலை உப்பரிகைகள் உருண்டையாக வெளியே தள்ளியிருப்பது அதன் அடையாளம். மாளிகைக்குள்ளேயே ஒயின் ஆலையும் இருக்கிறது.

அங்கிருந்து பாஸ்தோரா குன்றை நோக்கி ஏறினால் சாந்தா மரிஞா தோசோ. 15-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், கூரை போய்விட்டது. குறுக்கு வளைவுகள் மட்டும் வரிசையாக வானத்துக்குக் கீழே நிற்கின்றன. வளைவுகளின் விளிம்பு நெடுகக் கல்லில் செதுக்கிய உருண்டைகள். உள்ளேயும் வெளியேயும் கல்லறைகள், இன்றும் ஊரார் பூ வைக்கும் கல்லறைகள். சத்தமில்லாமல் போய் வர வேண்டிய இடம். இன்னும் பத்து நிமிடம் ஏறினால் குன்றின் உச்சியிலிருந்து ரீயா முழுவதும் தெரியும். தண்ணீரில் வரிசை வரிசையாகக் கிடக்கும் மரச் சட்டங்கள் எல்லாம் சிப்பி வளர்க்கும் மிதவைகள்.

சாயங்காலம் கடல் ஏறும் நேரத்தில் சாந்தோ தொமேவுக்குப் போகலாம். சான் சாதுர்னிஞோ கோபுரத்தின் இடிந்த மிச்சம் ஒரு சிறு தீவில் நிற்கிறது, பாலம் உண்டு. கரையோரமாகவே நடந்தால் ஆ சேக்கா என்னும் ஓத ஆலை. கடல் ஏறும்போது மதகு வழியாகக் குளத்தில் நீர் நிரம்பும். மதகை அடைத்து, கடல் வற்றியதும் திறந்துவிட்டால் கீழே இருக்கும் சக்கரங்கள் சுழன்று மாவரைக்கும். ஆக, ஒவ்வொரு வற்றத்துக்கும் சில மணி நேர வேலை. அரைப்பவர் தூங்கும் நேரத்தையும் நிலாதான் முடிவு செய்திருக்கிறது.

ஞாயிறு

கடைகள் இல்லை, சந்தை இல்லை, பேருந்து இல்லாத குறை. மலைப் பக்கம் நடக்க இதுவே நாள். பர்ரான்தெஸ் ஊருக்கு டாக்ஸியில் போய், அங்கிருந்து அர்மென்தெய்ரா மடம் வரை ஓடையோரமாகவே ஏறும் ‘கல்லும் நீரும்’ என்னும் பாதையைப் பிடியுங்கள். சுமார் ஏழு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். வழி நெடுகப் பழைய தண்ணீர் ஆலைகள், ஓக் மர நிழல். மே மாதத்தில் ஓடை நிறைந்து ஓடும், ஆகஸ்டில் இந்தச் சத்தம் இருக்காது. கருங்கல்லில் பாசி படிந்திருப்பதால் மழை பெய்த மறுநாள் வழுக்கும். விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். முழங்கால் பலவீனமானவர்கள் மேலிருந்து டாக்ஸி சொல்லி வைத்துக்கொள்ளலாம். போர்ச்சுகலிலிருந்து சந்தியாகோ போகும் யாத்திரைப் பாதையின் ஒரு கிளையும் இதுவே என்பதால், முதுகுப்பையோடு இறங்கி வருபவர்களை எதிரே பார்ப்பீர்கள்.

மடம் 12-ஆம் நூற்றாண்டினது. ஏரோ என்ற துறவி ஒரு பறவையின் பாட்டைக் கேட்டபடி மரத்தடியில் உட்கார்ந்தவர், எழுந்து வந்து பார்த்தால் முந்நூறு ஆண்டுகள் ஓடிப்போயிருந்தன என்பது இந்த மடத்தின் கதை. மதியம் கதவு சாத்துவார்கள். ஒரு மணிக்கு முன் போய்ச் சேரும்படி கிளம்பவும்.

திரும்பும் வழியெல்லாம் கொடிமுந்திரி. இங்கே திராட்சை தரையோடு வரிசையாக நிற்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் பந்தலில் படர்கிறது. கால்கள் கருங்கல் தூண்கள். காரணம் ஈரம்தான். இலைகளுக்குக் கீழே காற்று ஓடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மரக் கால் நட்டால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். கருங்கல்லோ இந்த மண்ணில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நிலம் துண்டு துண்டாக இருப்பதால் பந்தலுக்கு அடியில் உருளைக்கிழங்கும் கீரையும் போடும் பழக்கமும் இருந்தது.

மே கடைசியும் ஜூன் தொடக்கமும் பூக்கும் காலம். பூ என்றால் இதழ் எதுவும் தெரியாது. பச்சை மணிகளின் மேல் வெளிறிய பொடி மாதிரி. அந்தப் பத்து நாளில் குளிர் மழை விடாமல் பெய்தால் பூ காய் பிடிக்காமல் உதிரும், செப்டம்பரில் குலை சல்லடையாக இருக்கும். விவசாயிகள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாள்கள் இவை. தாமிர மருந்தும் கந்தகமும் தெளிப்பதும் இப்போதுதான். இலைமேல் நீலப் படிவு கண்டால் தொடாமல் நகருங்கள்.

ரீயாஸ் பாய்ஷாஸ் என்ற புவிசார் பெயர் இவ்வட்டார ஒயினுக்கு 1988-இல் வந்தது. அதில் ஐந்து துணைப் பகுதிகள். கம்பாதோஸ் இருப்பது வால் தோ சால்னேஸில். ஆலைகளைப் பார்க்க முன்பதிவு அவசியம், ஞாயிறு மதியத்துக்கு மேல் அநேகமாக எல்லாம் மூடல். பர்ரான்தெஸில் ஒரு சிவப்பு ஒயினும் உண்டு: மை போலக் கறுத்தது, புளிப்பு அதிகம், வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தருவார்கள், கிண்ணத்தில் கறை நிற்கும். வெளியூர்களுக்கு அதிகம் போவதில்லை, எனவே இங்கேயே சுவைத்துவிடலாம்.

திங்கள்

பயணத்தின் நடு நாள் இதுதான். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். வேலை கடல் இறங்கும்போது தொடங்கி, திரும்பத் தொடங்கியதும் முடிகிறது.

மட்டி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், இடுப்பில் எண்ணெய்த்துணி, வாளி, குட்டைக் கைப்பிடிக் கொத்து அல்லது நீண்ட பல் வைத்த வாருகோல். உரிமம் உள்ளவர்கள் மட்டுமே இறங்கலாம். எந்த நாள், எந்தத் திட்டு, ஆளுக்கு எத்தனை கிலோ என்பதெல்லாம் மீனவர் சங்கம் முன்பே வகுத்துவிடும். எடுக்காத நாள்களிலும் வேலை உண்டு: பாசி வாருவது, மண் கிளறுவது, நெருக்கமான இடத்திலிருந்து குஞ்சு மட்டிகளை எடுத்து வேறிடத்தில் விதைப்பது. விளைநிலம்தான் இது, வரப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று வகை மட்டி. விலை உயர்ந்தது ‘ஃபினா’: ஓட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, விரலால் தடவினால் வலைபோலத் தட்டும். நீரை இழுக்கும் குழலும் விடும் குழலும் அடிவரை தனித்தனி. அதனால் மணலில் இரண்டு துளை விட்டுவிட்டுத் தெரியும். கை தேர்ந்தவர்கள் அந்தத் துளையைப் பார்த்தே கொத்தை இறக்குகிறார்கள், மண்ணை வீணாகக் கிளறுவதில்லை. ‘பபோசா’வுக்கு இரண்டு குழலும் ஒட்டியே இருக்கும், ஓடு வழவழப்பு, கரையேறினால் சீக்கிரம் செத்துவிடும், அன்றே சமைத்தாக வேண்டும். மூன்றாவது, வளர்ப்புக்காகக் கொண்டு வந்த ஜப்பான் மட்டி: பாதி வரை ஒட்டிய குழல், மேலாகவே புதைந்து கிடக்கும், வேகமாக வளரும், விலை மலிவு. ஃபினா நான்கு செ.மீ. இல்லாவிட்டால் எடுக்கக் கூடாது. கையில் உள்ள அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் திரும்ப மணலுக்கு.

பெர்பெரெச்சோ என்னும் உருண்டை மட்டிதான் இந்த ரீயாவின் சோகம். 2012-இல் மார்தெய்லியா என்ற ஒட்டுண்ணி பரவி அரோவ்சாவின் திட்டுகளை அழித்தது. இன்னும் பழைய நிலை திரும்பவில்லை. மழைக்காலத்தில் உமியா, உல்லா ஆறுகள் பெருகி நன்னீர் நிரம்பினால் மற்ற மட்டிகளும் மூச்சடைத்துச் சாகும். உப்பு குறைந்தால் மட்டி ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். வெள்ளம் வடிய நாளானால் உள்ளேயே முடிந்துவிடும். வாளி எவ்வளவு நிறைகிறது என்பதைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பவர்கள் கரைச் சுவர் ஓரமாக, கெட்டி மணலில் நின்று பார்க்கலாம். உள்ளே நடந்தால் குஞ்சுகள் மிதிபடும், சேற்றில் காலும் இறங்கிவிடும். ஒரே ஒரு மட்டி எடுத்தாலும் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். குனிந்தே நான்கு மணி நேரம் வேலை செய்பவர்கள் அவர்கள்.

மதியம் தாண்டி, எடுத்த மட்டி லோன்ஷாவுக்கு, அதாவது ஏலக் கூடத்துக்குப் போகிறது. நம் ஊர் ஏலம் மாதிரி விலை ஏறிக்கொண்டே போவதில்லை. பலகையில் உயர்ந்த விலையில் தொடங்கிக் கடகடவென்று இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் அழுத்திவிடுவார், அவசரப்பட்டால் கூடுதல் விலை. கூச்சலே இல்லாத ஏலம். வெளியார் பார்க்க முடியுமா, எத்தனை மணிக்கு என்பதைச் சுற்றுலா அலுவலகத்தில் அன்று காலையே கேட்டுக்கொள்ளவும். சனி, ஞாயிறு ஏலம் இல்லை.

அறையில் மட்டி சமைப்பதானால்: லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்ட நீரில் இரண்டு, மூன்று மணி நேரம் இருட்டில் வைத்தால் மணலைக் கக்கும். வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டால் கக்காது, செத்துவிடும்.

செவ்வாய்

ஓ குரோவே. ஒரு காலத்தில் தீவு. மணல் சேர்ந்து சேர்ந்து லான்சாதா திட்டு வழியாக நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. துறையிலிருந்து மிதவைகளைப் பார்க்கக் கண்ணாடி ஜன்னல் வைத்த படகுகள் கிளம்புகின்றன, ஒன்றேகால் மணி நேரப் பயணம். காலைப் படகில் போங்கள். பகல் ஏற ஏற வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று வலுக்கும், மதியப் படகு ஆடும். நீருக்குள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வசந்தத்தில் மிதவை உயிரிகள் பெருகி நீர் பச்சையாகக் கலங்கியிருக்கும், கயிறு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தெரியாது. அந்தக் கலங்கல்தான் சிப்பியின் சாப்பாடு. வாடை அடிக்கும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் எழுகிறது. நல்ல வெயில், தெளிந்த வானம், வாடை என்று மூன்றும் சேர்ந்த நாளில் கடல் இன்னும் சில்லிட்டிருப்பதன் காரணம் இதுவே.

பாதேயா எனப்படும் மிதவை யூகலிப்டஸ் உத்தரங்களால் கட்டியது. பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு 500-க்கு மேல் கூடாது, ஒவ்வொரு கயிறும் 12 மீட்டருக்குள். கலீசியாவில் மூவாயிரத்துக்கு மேல் மிதவைகள், பெரும்பகுதி அரோவ்சாவில். விரல்நகம் அளவு குஞ்சுகளைப் பாறையிலிருந்து சுரண்டி எடுத்து, மெல்லிய வலைத்துணி சுற்றிக் கயிற்றோடு கட்டுகிறார்கள். சில நாளில் சிப்பி தன் நாரால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், துணி கரைந்துபோகும். கயிற்றில் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே குச்சி செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் வளர்ந்த சிப்பிகள் தம் பாரத்தாலேயே கொத்தாகச் சரிந்து விழுந்துவிடும். நான்கைந்து மாதம் கழித்துக் கயிற்றைத் தூக்கி, பிரித்து, ஒரு கயிற்றுச் சரக்கை இரண்டு மூன்று கயிறாக்குவார்கள். நெருக்கமாக விட்டால் உள்ளே இருப்பவை சிறுத்துப்போகும். ஆகமொத்தம் ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு.

படகிலேயே ஆவியில் வெந்த சிப்பி வரும். ஆரஞ்சுச் சதை பெண், வெளிறியது ஆண், ருசியில் பேதமில்லை. சில வாரங்களில் ரீயாவின் சில பகுதிகளில் அறுவடை நிறுத்தப்பட்டிருக்கும். நச்சுப் பாசி பெருகும்போது நடப்பது இது. விலாகர்சியாவில் உள்ள இன்தெக்மார் நிலையம் தொடர்ந்து மாதிரி எடுத்துப் பகுதிகளை மூடவும் திறக்கவும் செய்கிறது. கடையிலும் உணவகத்திலும் வருவது சுத்திகரிப்பு முத்திரை பெற்றது, தைரியமாகச் சாப்பிடலாம். பாறையிலிருந்து நீங்களே பறித்ததைச் சாப்பிடாதீர்கள்: அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆ தோஷா தீவுக்குப் பாலம் வழியே நடந்தே போகலாம். வெளிச்சுவர் முழுக்க விசிறிச் சிப்பி ஓடு பதித்த சிறு தேவாலயம் மட்டும் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் விடுதிகளும் கோல்ஃப் புல்வெளியும்.

மதியம் லான்சாதா. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல், திறந்த கடல், மே கடைசியில் நீர் 15 டிகிரிக்கு அக்கம்பக்கம். அலைக்கு அடியில் வெளியே இழுக்கும் ஓட்டம் உண்டு. உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் வருவார்கள். இடுப்பளவு நீரைத் தாண்ட வேண்டாம். மணல்மேட்டில் கயிறு கட்டிய இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். சிறிய வெண்ணிற உப்புக்கொத்தி வசந்த காலத்தில் அங்கே வெறும் மணலில் முட்டையிட்டிருக்கும். முட்டையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்று. பக்கத்தில் நின்றாலும் தெரியாது, மிதித்த பிறகே தெரியும். பலகைப் பாதையிலேயே நடந்து தெற்கு முனைப் பாறைமேல் இருக்கும் சிறு கோயில் வரை போய்விடலாம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அங்கே ஒன்பது அலை குளிக்கும் வழக்கம் உண்டு.

புதன்

கடைசி நாளுக்கு இரண்டு வழி. காற்று அடங்கியிருந்தால் ரீயாவின் வாயில் இருக்கும் சால்வோரா. 2002-இல் அமைந்த அட்லாண்டிக் தீவுகள் தேசியப் பூங்காவின் பகுதி என்பதால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அனுமதியைப் படகு நிறுவனம் வழியாக முன்பே வாங்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. 1921 ஜனவரி 2 அதிகாலை சாந்தா இசபெல் என்ற கப்பல் இத்தீவின் பாறையில் மோதி 213 பேர் இறந்தனர். தீவுப் பெண்கள் தோர்னா என்னும் சிறு மரப்படகுகளில் இருட்டில் துடுப்புப் போட்டுப் போய்ப் பலரைக் காப்பாற்றினார்கள். அந்தப் பாறைகளைப் படகிலிருந்தே பார்க்கலாம். அலை இல்லாத நாளிலும் அங்கே வெள்ளை நுரை நிற்கும்.

காற்று இருந்தால் ஆ இல்யா தெ அரோவ்சா. 1985-இல் கட்டிய, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலத்தில் போகலாம். தெற்கு முனையில் உள்ள கர்ரெய்ரோன் காட்டுக்குள் கார் கிடையாது. பைன் மரமும் சின்னச் சின்ன மணல் குடாக்களுமாகச் சுற்றி வர இரண்டு மணி நேரம். குளிக்க விரும்புபவர்களுக்கு லான்சாதாவைவிட இதுவே மேல்: உள்ளடங்கிய நீர், ஓரிரண்டு டிகிரி வெதுவெதுப்பு, இழுவை இல்லை.

ஊருக்கு எடுத்துப்போக ஏற்றது டப்பாச் சிப்பிதான். டப்பாமேல் 6/8, 8/10 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் சிப்பிகளின் எண்ணிக்கை. எண் குறையக் குறைய சிப்பி பெரிது, விலையும் கூடுதல். ‘மெஷில்யோன் தெ கலீசியா’ என்ற புவிசார் முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லாத மலிவு டப்பாக்களில் சிலியிலிருந்து வரும் சிறிய வகை இருக்கக்கூடும். வினிகரும் மிளகாய்த்தூளும் சேர்ந்த எஸ்கபேச்சே வகை வாங்கியதும் திறப்பதைவிடச் சில மாதம் வைத்துத் திறந்தால் சாறு உள்ளே இறங்கியிருக்கும். எண்ணெயும் சாறும் திரவக் கணக்கில் வருவதால் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டியில் வைத்து, துணிக்கு நடுவே செருகி அனுப்பவும்.